எண்ணிமக் கவனச்சிதறல்

எண்ணிமக் கவனச்சிதறல் என்பது திறன்பேசி, கணினி முதலிய கருவிகளால் ஒருவரின் மனம் தான் ஈடுபட்டிருக்கும் வேலை, படிப்பு, உரையாடல் அல்லது ஓய்விலிருந்து அடிக்கடி விலகிப் போவதைக் குறிக்கும். இது தனிமனிதரின் மன உறுதிக் குறைவு என்றே பெரும்பாலும் கருதப்படுகிறது. ஆனால் செயலிகள் வடிவமைக்கப்படும் முறைக்கும் இதில் பெரும் பங்கு உண்டு.

பின்னணி

தகவல் பெருகும்போது அதைப் பெறுபவரின் கவனம் அரிதான பொருளாகிவிடும் என்பதை அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1971 இல் எடுத்துக்காட்டினார். இவர் 1978 இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். இன்று பல சமூக ஊடகங்கள் பயனரிடம் கட்டணம் பெறாமல் விளம்பரங்களால் வருமானம் ஈட்டுகின்றன. பயனர் திரையின் முன் இருக்கும் நேரம் கூடக் கூட, காட்டக்கூடிய விளம்பரங்களும் கூடும்.

நிறுத்துமிடம் இல்லாத வடிவமைப்பு

செய்தித்தாளுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. நூலில் ஓர் அத்தியாயம் முடியும். போதுமா, தொடரலாமா என்று முடிவு செய்ய அந்த இடைவெளி உதவுகிறது. திரையைத் தள்ளத் தள்ளப் புதிய பதிவுகள் தாமாகவே வந்துகொண்டிருக்கும் முறையில் இந்த இடைவெளி இல்லை. 2006 இல் இம்முறையை உருவாக்கிய அசா ரஸ்கின், பிற்காலத்தில் அதன் விளைவுகள் குறித்து வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். ஒரு காணொளி முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுவதும் இத்தகையதே.

எப்போது கிடைக்கும் என்று தெரியாத வெகுமதி, ஒரு பழக்கத்தை எளிதில் விடாமல் நீடிக்கச் செய்யும் என்பதை உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னரின் விலங்குச் சோதனைகள் காட்டின. புதிய செய்தி வந்திருக்கிறதா என்று திறன்பேசியை மீண்டும் மீண்டும் எடுத்துப் பார்க்கும் பழக்கத்தையும் பலர் இவ்வாறே விளக்குகின்றனர்.

விளைவுகள்

ஒரு வேலையை விட்டு இன்னொன்றுக்கு மாறும்போது கவனத்தின் ஒரு பகுதி முந்தைய வேலையிலேயே தங்கிவிடுகிறது. 2009 இல் வெளியான ஆய்வில் சோஃபி லெராய் இதனைக் ‘கவன எச்சம்’ என்று குறிப்பிட்டார். திறன்பேசியை எடுத்துப் பார்க்காவிட்டாலும், அறிவிப்பு ஒலியோ அதிர்வோ வந்தாலே கவனம் தேவைப்படும் பணியில் தவறுகள் கூடுவதை 2015 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. தேர்வுக்குப் படிக்கும் மாணவருக்கு இது நேர இழப்பு. வாகனம் ஓட்டுபவருக்கு உயிராபத்து.

கையாளும் வழிகள்

இழந்த நிறுத்துமிடங்களை மீண்டும் உருவாக்கிக்கொள்வதே இவ்வழிகளின் அடிப்படை.

• அறிவிப்புகள்: அழைப்புகளையும் நெருங்கியோரின் செய்திகளையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அணைத்துவிடலாம்.
• தொலைவு: படிக்கும்போதும் உறங்கும்போதும் திறன்பேசியை வேறு அறையில் வைக்கலாம். காலையில் எழ, தனி அலாரக் கடிகாரம் போதும்.
• தடை: அதிகம் இழுக்கும் செயலியிலிருந்து ஒவ்வொரு முறையும் வெளியேறிவிட்டால், மீண்டும் கடவுச்சொல் இடும் நேரம் யோசிக்க இடம் தரும். காணொளிகள் தானாக ஓடுவதையும் நிறுத்தி வைக்கலாம்.
• நேர வரம்பு: கூகுளும் ஆப்பிளும் 2018 இல் அறிமுகப்படுத்திய வசதிகளைக் கொண்டு ஒவ்வொரு செயலிக்கும் நாளொன்றுக்கு இவ்வளவு நேரம் என்று வரையறுக்கலாம்.

வரம்புகள்

தனிமனித முயற்சி எல்லோருக்கும் ஒரே அளவில் இயலாது. மேலதிகாரி இரவிலும் பதில் எதிர்பார்த்தால் ஊழியரால் அறிவிப்புகளை அணைக்க முடியாது. இதனால் பிரான்சில் 50 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர் உள்ள நிறுவனங்கள், பணிநேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை குறித்து ஊழியர் தரப்புடன் பேச வேண்டும் என்ற சட்டம் 2017 சனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது.

திரை நேரத்தைக் குறைப்பது மட்டுமே இதன் நோக்கமன்று. வெளியூரில் உள்ள பேரக்குழந்தையோடு ஒரு மணி நேரம் காணொளியில் பேசுவதும், மணி பார்க்க எடுத்த திறன்பேசியில் ஒரு மணி நேரம் போவதும் கணக்கில் ஒன்றே. முன்னது விரும்பிச் செலவிட்ட நேரம். பின்னது அறியாமல் போன நேரம்.