நம்மைப் பற்றிய படங்கள்: "நல்லம்", "கூடாது" என்பதோடு நிறுத்தலாமா?



நம்முடைய கதையைத் திரையில் பார்ப்பதென்றால் ஒரு காலத்தில் மண்டபம் எடுத்து, ஞாயிறு மாலையில் போட்டுக் காட்டும் குறும்படங்கள்தான். இன்று நெட்பிளிக்ஸ், அமேசன் பிரைம் போன்ற இணையத் திரைகள் வழியாக ஈழத்தமிழ்ப் பாத்திரங்கள் நம் வரவேற்பறைக்கே வந்துவிட்டன. படம் முடிந்ததும் வீட்டில் விவாதம் தொடங்குகிறது. அப்பாவுக்குக் கோபம், அம்மாவுக்கு அழுகை, பிள்ளைக்கோ "இதிலே என்ன பிழை?" என்ற கேள்வி. ஒரே படத்துக்கு ஒரே வீட்டில் ஏன் மூன்று கருத்துகள்? ஒவ்வொருவரும் வேறு வேறு கேள்விக்கு விடை சொல்கிறார்கள் என்பதுதான் காரணம். அந்தக் கேள்விகளைப் பிரித்துப் பார்ப்போம்.

முதலாவது, பேச்சு. 2000ஆம் ஆண்டில் கமல்ஹாசன் "தெனாலி"யில் யாழ்ப்பாணத் தமிழ் பேசியபோதே இந்த விவாதம் இருந்தது. 2020 டிசம்பரில் தீபா மேத்தாவின் "ஃபனி போய்" வந்தபோது அது பெரிதாக வெடித்தது. ஷியாம் செல்வதுரை 1994இல் வெளியிட்ட நாவல் அது. 1983 கலவரம் வரைக்கும் கொழும்பில் வாழ்ந்த ஒரு தமிழ்ச் சிறுவனின் கதை. ஆனால் முக்கிய பாத்திரங்களில் தமிழரல்லாதவர்கள் நடித்தார்கள், அவர்கள் வாயில் தமிழ் தடுமாறியது என்று கனடாவிலுள்ள தமிழர்கள் பலர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். கனடா அந்தப் படத்தை ஒஸ்கார் விருதின் சர்வதேசப் படப் பிரிவுக்கு அனுப்பியது. உரையாடலில் பாதிக்கு மேல் ஆங்கிலம் என்று அங்கே அது ஏற்றுக்கொள்ளப்படவில்லை. தமிழ்க் குடும்பத்தின் கதைக்கு இப்படியும் ஒரு நிலை!

"நடிப்புத்தானே, உச்சரிப்பில் என்ன இருக்கிறது?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். நம் சனத்துக்குப் பேச்சு வெறும் அலங்காரமல்ல. சோதனைச் சாவடியில் ஒருவரின் பேச்சே அவரைக் காட்டிக் கொடுத்த காலத்தைக் கடந்து வந்தவர்கள் நாங்கள். 2025இல் வந்த "டூரிஸ்ட் ஃபேமிலி"யின் கதையே இதைச் சுற்றித்தான் நடக்கிறது. பொருளாதார நெருக்கடியால் இலங்கையிலிருந்து படகேறித் தமிழகம் போகும் ஒரு குடும்பம், தங்கள் பேச்சு வெளியே தெரிந்துவிடக் கூடாதே என்று பயந்து பயந்து வாழ்கிறது. சிரிப்புப் படம்தான். ஆனாலும் அந்தப் பயம் நமக்குப் புதிதல்ல.

இரண்டாவது, சரித்திரம். 2021 ஜூன் 4ஆம் திகதி அமேசன் பிரைமில் "தி ஃபேமிலி மேன்" தொடரின் இரண்டாம் பாகம் வெளியானது. சமந்தா அதில் ராஜி என்ற ஈழப் போராளியாக நடித்தார். முன்னோட்டம் வந்தவுடனேயே, போராளிகளைப் பாகிஸ்தான் உளவுத்துறையோடு சேர்த்துக் காட்டுவது நம் போராட்டத்தையே பயங்கரவாதமாக்குகிறது என்று எதிர்ப்புக் கிளம்பியது. தொடரைத் தடை செய்யும்படி தமிழக அமைச்சர் மனோ தங்கராஜ் மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். நடிகைக்கு முகத்தில் கறுப்புப் பூசியதையும் பலர் கண்டித்தார்கள். மறுபக்கத்தில், ராஜி பட்ட துன்பத்தையும் தொடர் காட்டுகிறது, அவள் வெறும் வில்லி அல்ல என்று சொன்னவர்களும் இருந்தார்கள். இரு பகுதியாரும் ஒரே தொடரைத்தான் பார்த்தார்கள். ஒரு பகுதியார் கதை எங்கே போய் முடிகிறது என்று பார்த்தார்கள், மற்றவர்கள் பாத்திரத்தின் மனதைப் பார்த்தார்கள்.

மூன்றாவது, கதையின் நடுவில் நிற்பவர் யார்? அதே மாதம் 18ஆம் திகதி நெட்பிளிக்ஸில் தனுஷ் நடித்த "ஜகமே தந்திரம்" வந்தது. லண்டனிலுள்ள ஈழ அகதிகள் பக்கம் நின்று பேசுகிற படம். நோக்கம் நல்லது. ஆனால் கதாநாயகன் மதுரைக்காரன். அகதிகளின் துயரம் அவன் மனம் திருந்துவதற்கு ஒரு காரணமாகவே வருகிறது என்பது பலரின் குறை. இதற்கு மாறானது "தீபன்". 2015இல் கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருது பெற்ற அந்தப் பிரெஞ்சுப் படத்தின் நடுவில் நின்றவர், தானே அகதியாகப் பிரான்சுக்கு வந்த எழுத்தாளர் ஷோபாசக்தி. அதன் முடிவு பலருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அந்த முகத்தையும் பேச்சையும் யாரும் பொய் என்று சொல்ல முடியவில்லை.

இனி, நம் கருத்து யார் காதில் விழுகிறது என்று பார்ப்போம். நெட்பிளிக்ஸ் 2017இல் நட்சத்திரப் புள்ளிகளை எடுத்துவிட்டுப் பெருவிரல் அடையாளத்தைக் கொண்டுவந்தது. பெருவிரலை உயர்த்தலாம், தாழ்த்தலாம். ஏன் என்று சொல்ல அங்கே இடமில்லை. 2021 நவம்பர் முதல் வாராவாரம் முதல் பத்துப் பட்டியலை வெளியிடுகிறார்கள். 2023 ஜூனிலிருந்து, பார்க்கப்பட்ட மொத்த மணித்தியாலங்களைப் படத்தின் நீளத்தால் பிரித்து வருவதையே "பார்வைகள்" என்று கணக்கிடுகிறார்கள். அந்தக் கணக்கில் கோபத்தோடு பார்த்த மணித்தியாலமும் ஆசையோடு பார்த்த மணித்தியாலமும் ஒன்றுதான். "எவ்வளவு மோசம் என்று பார்ப்போம்" என்று இருந்து கடைசிவரை பார்த்தால், கணக்கில் நாமும் ஒரு ரசிகர். எங்கள் ஏசலும் பாராட்டும் அதில் ஏறாது.

அப்படியென்றால் கருத்துச் சொல்லி என்ன பயன்? பயன் இருக்கிறது, முதலில் வீட்டில். இங்கே பிறந்த பிள்ளைகளில் பலருக்கு 1983ம் 2009ம் முதலில் திரை வழியாகத்தான் தெரிய வருகின்றன. நாங்கள் "கூடாத படம்" என்று சொல்லித் தொலைக்காட்சியை நிறுத்தினால், பிள்ளை தனியே கைத்தொலைபேசியில் பார்க்கும். விளக்கம் சொல்ல ஆளில்லாமல் திரை சொன்னதே உண்மை என்று தங்கிவிடும். அதற்குப் பதிலாகக் கூட இருந்து பாருங்கள். இடையில் நிறுத்தி, "இந்த இடத்தில் எங்கள் ஊரில் இப்படி நடக்கவில்லை, இப்படித்தான் நடந்தது" என்று சொல்லுங்கள். சொல்ல முடியாதவை எத்தனையோ எம் எல்லோரிடமும் உண்டு. அவற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தொடங்க, பிழையான ஒரு காட்சியும் சில வேளை வழி திறந்துவிடும்.

அடுத்தது, வெளியில் எழுதும்போது எது பிழை என்பதைப் பிரித்து எழுதுங்கள். பேச்சா, சரித்திரமா, நடுவில் நிற்கும் ஆளா? "எங்களை அவமதித்துவிட்டார்கள்" என்ற ஒரு வரியை எவரும் தட்டிக் கழிக்கலாம். "மட்டக்களப்புப் பெண்ணின் வாயில் யாழ்ப்பாணப் பேச்சு" என்று காட்சியோடு எழுதினால் அடுத்த படம் எடுப்பவருக்கு அது பாடம். நல்லது செய்தவர்களையும் அப்படியே பெயர் சொல்லிப் பாராட்டுங்கள்.

நெட்பிளிக்ஸின் "நெவர் ஹேவ் ஐ எவர்" 2020 முதல் 2023 வரை நான்கு பாகங்களாக வந்தது. அதன் நாயகி மைத்ரேயி ராமகிருஷ்ணன், அகதிகளாகக் கனடா வந்த ஈழத்தமிழ்ப் பெற்றோரின் மகள். அவர் நடித்த பாத்திரமோ இந்தியத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. நம் பிள்ளை உலகத் திரையில் நடுவில் நின்றாயிற்று. நம் கதை இன்னும் அங்கே நிற்கவில்லை. அதை எழுதப்போகிறவர் இன்று உங்கள் பக்கத்தில் இருந்து படம் பார்க்கிற பிள்ளையாகவும் இருக்கலாம். அந்தப் பிள்ளைக்கு விபரம் சொல்லிக் கொடுக்க வேண்டியவர்கள் நாங்கள்தான்.