பாடலைப் பிரித்தால் யாருடைய பெயர் கேட்கும்?

ஒரு பாடலைப் பலநூறு முறை கேட்டிருப்போம். அதில் ஒலிக்கும் ஒவ்வொரு கருவியையும் வாசித்தவர் யார் என்று ஒருமுறையேனும் வினவியிருக்கிறோமா? இவ்வினாவை எழுப்ப வைக்கும் பாட்காஸ்ட் ஒன்று 2014 ஜனவரியில் அமெரிக்காவில் தொடங்கியது. இசைக்கலைஞர் ரிஷிகேஷ் ஹிர்வே உருவாக்கிய ‘சாங் எக்ஸ்ப்ளோடர்’ என்பதே அது. 2020இல் நெட்ஃபிளிக்ஸ் தொடராகவும் வெளிவந்தது.

அதன் முறை எளியது. ஒலிப்பதிவுக் கூடத்தில் குரல், டிரம்ஸ், கிதார் ஆகியவை தனித்தனி ட்ராக்குகளில் பதிவாகின்றன. பின்னரே ஒன்றாகக் கலக்கப்படுகின்றன. இந்நிகழ்ச்சி அந்தத் தனி ட்ராக்குகளைப் பெற்று, ஒவ்வொன்றாக ஒலிக்கச் செய்கிறது. ஒவ்வோர் ஒலியும் எவ்வாறு பிறந்தது என்பதைப் பாடலை ஆக்கியவரே சொல்கிறார். வினவியவரின் குரல் பெரும்பாலும் நீக்கப்பட்டிருக்கும். இறுதியில் முழுப்பாடலும் ஒலிக்கும்.

இதனை வெறும் இரசனைச் செய்தியாக நாம் கருதவில்லை. ஒலி தனித்தனியே பதிவாகிறது எனில், அதை எழுப்பியவர் யார் என்பதும் அப்பதிவுக் கூடத்திற்குத் தெரியும். ஆகவே, வெளியாகும் பாடலில் ஒரு கலைஞரின் பெயர் இல்லாதிருப்பதற்குத் தொழில்நுட்பம் காரணமன்று. அது மனிதர் எடுக்கும் முடிவு. இந்த பாட்காஸ்ட்டிலும் பேச அழைக்கப்படுவோர் பெரும்பாலும் பாடலின் முகப்பில் பெயருள்ளவர்களே என்பதையும் நாம் மறக்கலாகாது.

பெயரில்லாதோர்க்கு நேர்வது என்ன? 1969இல் ஜேம்ஸ் பிரவுனின் ‘ஃபங்கி டிரம்மர்’ பதிவில் கறுப்பினக் கலைஞர் கிளைடு ஸ்டபிள்ஃபீல்டு சில நொடிகள் தனியாக டிரம்ஸ் வாசித்தார். அந்நொடிகள் வெட்டியெடுக்கப்பட்டு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில், குறிப்பாக ஹிப்-ஹாப் இசையில், பயன்படுத்தப்பட்டன. ஆனால் பாடலாக்கியோர் பட்டியலில் தாளத்தைப் படைத்தவர் பெயர் இல்லை. ஓர் இசைவகைக்கே அடித்தளமிட்ட அக்கலைஞர், அதற்குரிய பங்கைப் பெறாமலே 2017இல் மறைந்தார்.

நம் மண்ணில் இக்கேள்வி சாதியோடு பிணைந்தது. பறை வீதியில் ஒலித்தபோது அடிப்பவரின் சாதியை ஊரே அறிந்திருந்தது. அதே பறை திரையிசையில் ஒலிக்கும்போது அடித்தவரின் பெயரைப் பல வேளைகளில் எவரும் அறிவதில்லை. இழிவு சுமத்தத் தேவைப்பட்ட அடையாளம், உரிமை வழங்க வேண்டிய இடத்தில் மறைந்துவிடுகிறது.

சட்டமும் நீண்ட காலம் துணை நிற்கவில்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், அச்சிடப்பட்ட, எழுதப்பட்ட அல்லது வேறுவகையில் வரிவடிவம் பெற்ற இசையையே ‘இசைப்படைப்பு’ என ஏற்றது. எழுத்து மறுக்கப்பட்டிருந்த மக்கள் வாய்வழியாகவும் கைவழியாகவும் வளர்த்த இசை அவ்வரையறைக்கு வெளியே நின்றது. 1994 திருத்தமே அந்நிபந்தனையை நீக்கியது. நிகழ்த்துநருக்கான உரிமையும் அத்திருத்தத்தில்தான் இடம்பெற்றது. தம் நிகழ்ச்சியைத் தம்முடையதென அடையாளப்படுத்தக் கோரும் உரிமையை 2012 திருத்தம் 38பி பிரிவில் சேர்த்தது.

ஆனால் அதே திருத்தம் ஒரு கதவையும் அடைத்தது. திரைப்படத்தில் ஒருவரின் பங்கு தற்செயலானதாகவோ துணைநிலையிலோ இருந்து, தொழில்துறை வழக்கப்படி அவர் பெயர் எங்கும் குறிப்பிடப்படுவதில்லை எனில், அவர் ‘நிகழ்த்துநர்’ ஆகமாட்டார் என்கிறது 2(கியூகியூ) பிரிவு. தம் நிகழ்ச்சியைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமை மட்டுமே அவருக்கு எஞ்சுகிறது. பெயரை விடுவதே வழக்கம் என்றால், அவ்வழக்கமே உரிமை மறுப்பதற்கான காரணங்களுள் ஒன்றாகிவிடுகிறது. எனவே பெயர் குறிப்பிடுவது மரியாதைக்காக மட்டும் செய்யப்படுவதன்று. ஊதியமும் உரிமையும் அதனோடு கட்டுண்டவை.

2021இல் வெளியான ‘எஞ்சாயி எஞ்சாமி’ பாடலின் ஆக்கத்தில் யாருடைய பங்கு என்ன என்பது மறு ஆண்டு பெரும் விவாதமானது. பாடலை உருவாக்கிய கலைஞர்கள் தத்தம் தரப்பை அறிக்கைகளாக வெளியிட்டனர். தீர்ப்புரைப்பது நம் நோக்கமன்று. பாடல் உருவாகும்போதே அவரவர் பங்கு எழுத்தில் பதிவாக வேண்டும் என்பதே நாம் பெறும் பாடம்.

கல்லூரிக் கலைவிழாக்களிலும் போராட்டக் களங்களிலும் பறையை அழைக்கும் நாம் இதனை நம்மிடமிருந்தே தொடங்கலாம். சுவரொட்டியில் ‘பறைக்குழு’ என்று மட்டும் எழுதாமல் கலைஞர்களின் பெயர்களை எழுதுவோம். அவர்களின் இசைவுடன், இந்த அடி எங்கே கற்றது, யார் கற்பித்தது, எது புதிதாகச் சேர்த்தது என்பதை அவர்கள் குரலிலேயே பதிவுசெய்வோம். அதற்குக் கைப்பேசி ஒன்றே போதும். பதிவின் ஒரு படியை அவர்களிடமே ஒப்படைப்போம். ஒலிப்பதிவுக்குச் செல்லும் கலைஞர், பெயர் குறிப்பிடுவதையும் உரிமைத்தொகையையும் ஒப்பந்தத்தில் எழுதிக் கேட்க உடன் நிற்போம்.

பறையைக் கேட்டு ஆடியவர்கள் நாம். அதை அடித்தவரின் பெயரையும் இனிக் கேட்டறிவோம்.