மரக் கைப்பிடியில் சாய்சதுரக் கட்டங்கள்: கணினி வழிச் செதுக்கலின் அடிப்படைகள்

வியர்வை படிந்த கையினின்று உளி நழுவுமாயின், கெடுவது வேலைப்பாடு மட்டுமன்று, கையும் காயமுறும். எனவேதான் உளி, கத்தி முதலியவற்றின் மரக் கைப்பிடிகளிலும், துப்பாக்கிக் கட்டைகளிலும் குறுக்கு நெடுக்காகப் பள்ளங்கள் வெட்டி, சிறு சிறு சாய்சதுரக் கட்டங்களை எழுப்பும் வழக்கம் தோன்றியது. இக்கட்டங்கள் காண்பதற்கு அழகு தருவன. அவற்றின் கூர்நுனிகள் உள்ளங்கையில் பதிந்து பிடிமானமும் தருவன.

கைவினைஞர் இதற்கென இரு வரிசைப் பற்களுடைய சிறு கருவியைக் கையாளுவர். ஒரு வரிசை முன்னரே வெட்டப்பட்ட பள்ளத்தில் ஓட, மற்றொன்று அடுத்த பள்ளத்தைத் தொடங்கி வைக்கும். இம்முறையில் ஒரு கோட்டில் நேரும் பிழை அடுத்தடுத்த கோடுகளுக்கும் பரவும். பிழையின்றிச் செய்யப் பல்லாண்டுப் பயிற்சி தேவை.

எண்களைக் கொண்டு வெட்டும் கருவியை இயக்கும் முறை அமெரிக்காவில் உருப்பெற்றது. 1952ஆம் ஆண்டில் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், துளையிட்ட நாடாவினால் இயங்கும் வெட்டு இயந்திரம் செயல்முறையில் காட்டப்பட்டது. பின்னர் நாடாவின் இடத்தைக் கணினி பெற்றது. இன்று சி.என்.சி. ரூட்டர் எனப்படும் இயந்திரம், ஒவ்வொரு கோட்டின் இடத்தையும் முந்திய கோட்டைச் சார்ந்திராமல் தனித்தனியே கணக்கிட்டு வெட்டுகிறது. ஆதலின் பிழை ஒரு கோட்டினின்று மறு கோட்டிற்குத் தாவுவதில்லை. எனினும் கணக்கைத் தருபவன் மனிதனே என்பதை மறத்தலாகாது.

முதலில் பள்ளத்தின் ஆழத்தை நோக்குவோம். வெட்டுமுனையின் கோணம் 90 பாகையாயின், பள்ளத்தின் அகலம் அதன் ஆழத்தைப்போல் இரு மடங்கு. கோடுகளின் இடைவெளி 1.5 மில்லிமீட்டர் எனக் கொண்டால், கட்டங்களின் நுனி கூராவதற்கு வேண்டிய ஆழம் 0.75 மில்லிமீட்டர். ஆழம் 0.2 மில்லிமீட்டர் குறைந்து 0.55 ஆகுமாயின், பள்ளத்தின் அகலம் 1.1 மில்லிமீட்டரே; எஞ்சிய 0.4 மில்லிமீட்டர் தட்டையாக நின்றுவிடும். ஆழம் மிகுமாயின் நுனிகளே வெட்டுண்டு கட்டங்கள் தாழ்ந்து போகும்.

இரண்டாவது இடர் கைப்பிடியின் வளைவாகும். 15 மில்லிமீட்டர் ஆரமுள்ள உருளை வடிவக் கைப்பிடி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் உச்சியினின்று பக்கவாட்டில் 5 மில்லிமீட்டர் விலகிய இடத்தில், மரத்தின் பரப்பு 0.86 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கும். உச்சியில் 0.75 மில்லிமீட்டர் ஆழத்திற்கு அமைத்த வெட்டுமுனை அதே உயரத்தில் நகருமாயின், அங்கே மரத்தைத் தொடவும் மாட்டாது. கருவியைத் தாழ்த்தினால் மட்டும் குறை முற்றும் நீங்காது. அவ்விடத்தில் பரப்பு ஏறத்தாழ 19.5 பாகை சாய்ந்திருப்பதால், கட்டங்களும் ஒருபுறம் சாய்ந்தே அமையும். கைப்பிடியைச் சுழற்றி, வெட்டுமிடம் எப்பொழுதும் மேல்நோக்கி இருக்குமாறு செய்யும் நான்காவது அச்சு பொருத்துவதே தக்க பரிகாரம். கையால் இழைத்த கைப்பிடிகள் ஒன்றையொன்று முற்றும் ஒத்திருப்பதில்லை. ஆகவே வெட்டுவதற்கு முன் அவற்றின் பரப்பைத் தொடுகருவியால் அளந்துகொள்ளுதல் நலம்.

மூன்றாவது, மரத்தின் இழையோட்டம். பெரும்பாலும் கட்டத்தின் நீளம் அகலத்தைப்போல் மும்மடங்காக அமைக்கப்படும். அப்பொழுது இரு கோட்டு வரிசைகளும் ஏறத்தாழ 37 பாகைக் கோணத்தில் வெட்டிக்கொள்ளும். கட்டத்தின் நீண்ட மூலைவிட்டம் இழையோட்டத்தின் வழியே அமைந்தால் நுனிகள் வலுவுடன் நிற்கும். குறுக்கே அமைந்தால் இழைகள் குட்டையாகி, நுனிகள் எளிதில் உதிரும். முதல் வரிசையைக் காட்டிலும் இரண்டாம் வரிசையை வெட்டும்பொழுதே சேதம் மிகுதி; அப்பொழுது கட்டங்களுக்குப் பக்கத்துணை இல்லை. நுண்ணிய இழையும் அடர்த்தியும் வாய்ந்த ஈட்டி, சீசம், அக்ரூட் போன்ற நன்கு உலர்ந்த மரங்கள் இவ்வேலைக்கு ஏற்றவை. மென்மரத்தில் நுண்கட்டங்கள் நில்லா.

நான்காவது இடர் வெட்டுமுனையிலேயே உள்ளது. நிமிடத்திற்கு 18,000 முறை சுழலும் முனை, பள்ளத்தின் மேல்விளிம்பில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 85 மீட்டர் வேகத்தில் வெட்டுகிறது. கூர்நுனியிலோ விட்டம் பூஜ்யமாதலின் வேகமும் பூஜ்யமே. அங்கே முனை மரத்தை வெட்டாமல் தேய்க்கின்றது. ஆகையால் முழு ஆழத்தையும் ஒரே முறையில் வெட்டாது, இரண்டு மூன்று தடவைகளில் வெட்டி, இறுதியில் மிக மெல்லிய வெட்டு ஒன்றைத் தருதல் வேண்டும். மழுங்கிய முனையை உடனே மாற்றுதல் இன்றியமையாதது.

மரத்தூசியைப் பற்றியும் கூறுதல் வேண்டும். மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களுள் மரத்தூசியும் ஒன்றெனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1995இல் வகைப்படுத்தியுள்ளது. நுண்பள்ளங்கள் வெட்டும்பொழுது எழும் தூசி மிக நுண்ணியது. எனவே தூசியை உறிஞ்சும் அமைப்பின்றி இயந்திரத்தை இயக்கலாகாது. மாணவர் மூக்குக்கவசமும் கண்ணாடியும் அணிதல் வேண்டும்.

பயிற்சி அளிப்போர் முதலில் அதே மரத்தின் கழிவுத் துண்டில் ஒரு சிறு பகுதியை வெட்டிக் காட்டுதல் நன்று. தட்டையாக நின்ற நுனிகளையும் உதிர்ந்த நுனிகளையும் மாணவரே எண்ணிப் பார்த்து, ஆழமும் திசையும் திருத்தட்டும். மேற்கண்ட வளைவுக் கணக்கு, பள்ளியில் கற்கும் செங்கோண முக்கோண விதியேயன்றி வேறன்று. கணித ஆசிரியரும் இதனை வகுப்பில் எடுத்துக்காட்டலாம்.

இயந்திரம் வந்தமையால் கைத்திறன் வேண்டாததாகிவிடவில்லை. கட்டங்களின் ஓரக்கோட்டைச் சீர்செய்வதும், பள்ளங்களில் ஒட்டிய நார்களை நீக்குவதும் இன்றும் பெரும்பாலும் கைவேலையே. மரத்தின் இழையை விரலால் தடவி அறியும் தொழிலாளியே, எந்தத் துண்டை இயந்திரத்தில் ஏற்றலாம், எதனை விலக்கலாம் என்று முடிவு செய்யத் தக்கவன்.