மலைச் சைக்கிள்காரர் தார்ச்சாலைக்கு வந்தால் என்ன ஆகும்?

ஜூலை மாதம் தொலைக்காட்சியில் டூர் டி பிரான்ஸ் ஓடுகிறது. ஒரு வீரரைக் காட்டி, 'இவர் முன்பு மலைச் சைக்கிள் ஓட்டியவர்' என்கிறார் வர்ணனையாளர். சைக்கிள் எதுவானாலும் சைக்கிள்தானே, இதைப் போய்ச் சொல்வானேன் என்று நீங்கள் நினைக்கலாம். ஆஸ்திரேலியாவின் கேடல் எவன்ஸ் கதை தெரிந்தால் அந்தச் சந்தேகம் தீரும்.

இரண்டு பந்தயத்துக்கும் என்ன வித்தியாசம்?

மலைச் சைக்கிள் பந்தயம் கல்லும் வேரும் சேறும் கிடக்கும் காட்டுப் பாதையில், ஒரே வட்டத்தைப் பலமுறை சுற்றி முடிப்பது. எவன்ஸ் ஓட்டிய காலத்தில் சுமார் இரண்டு மணி நேரம் பிடித்தது. அப்போது பஞ்சரானால் தானே இறங்கிச் சரிசெய்ய வேண்டியிருந்தது. டூர் டி பிரான்ஸோ மூன்று வாரம். 2011இல் அதன் மொத்தத் தூரம் சுமார் 3,430 கிலோமீட்டர். வென்றவர் சைக்கிள் மேல் இருந்த நேரம் 86 மணிக்கும் மேல். ஆனால் பின்னாலேயே அணியின் கார் வரும். சக்கரம் பழுதானால் வேறு சக்கரம், சைக்கிளே பழுதானால் வேறு சைக்கிள்.

எவன்ஸ் மலையில் கெட்டிக்காரரா?

சந்தேகமே வேண்டாம். 1998, 1999 இரண்டு ஆண்டும் உலகக் கோப்பைத் தொடரின் ஒட்டுமொத்த வெற்றி அவருக்கே. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் ஏழாம் இடம். 2001இல் சாலைக்கு மாறினார். பெரிய அணிகளும் பெரிய சம்பளமும் அங்கேதான்.

மாறியதும் வென்றாரா?

பெரிய மூன்று வாரப் பந்தயம் எதையும் இல்லை. 2002இல் இத்தாலியின் மூன்று வாரப் பந்தயமான ஜிரோவில், மலைக் கட்டம் ஒன்றில் முதலிடத்துக்குரிய இளஞ்சிவப்பு ஜெர்சி கிடைத்தது. மறுநாளே கடைசி ஏற்றத்தில் உடம்பில் சத்து தீர்ந்து, கால் ஓயாத குறையாகத் தள்ளாடினார். அந்த ஒரே ஏற்றத்தில் பதினேழு நிமிடம் போல இழந்து, ஜெர்சியும் போனது. இரண்டு மணி நேரப் பந்தயத்தில் சாப்பாட்டுப் பிழையைச் சமாளித்துவிடலாம். மூன்றாவது வாரத்தில் உடம்பு கணக்கை நேர்செய்துவிடும்.

சாப்பாடு போக, சாலையில் கூட்டத்தோடு ஓட்டவும் கற்க வேண்டும்; ஏன்?

காற்று. முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக் கொடுத்தால், பின்னால் ஒட்டிப் போகிறவருக்கு மூன்றில் ஒரு பங்கு உழைப்புகூட மிச்சமாகும். அதனால் ஒவ்வொரு அணியிலும் டொமெஸ்டீக் (தலைவருக்காகக் காற்றையும் தண்ணீர்ப் பாட்டிலையும் சுமக்கும் துணை வீரர்) இருப்பார்கள். அவர்களுக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். சம்பளம் உண்டு, தலைவர் வென்றால் பரிசுப் பணத்தை அணிக்குள் பங்கிடுவதும் வழக்கம். காட்டில் தனியே ஓட்டிப் பழகியவருக்கு இந்த ஏற்பாடு புதிது.

அப்படியானால் மலையில் கற்றது வீணா?

2010 ஜிரோவில் மொந்தால்சீனோ ஊருக்குப் போன நாளைப் பாருங்கள். வழியில் வெள்ளைச் சரளைச் சாலை. கொட்டிய மழையில் அது களிமண் குழம்பாகிவிட்டது. சாலைப் பந்தயமே பழகியவர்கள் வழுக்கி விழுந்தார்கள். முந்தைய ஆண்டு உலகச் சாம்பியனாகி வானவில் ஜெர்சி வாங்கியிருந்த எவன்ஸ், அதன் நிறமே தெரியாத அளவுக்குச் சேறு பூசிக்கொண்டு முதலாவதாக வந்தார். அவருடைய வெற்றிகளில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான், டூர் வெற்றியைவிட.

டூர் வெற்றி எப்படி வந்தது?

தாமதமாக. 2007இல் 23 விநாடியிலும் 2008இல் 58 விநாடியிலும் இரண்டாமிடம். 2011இல் கலிபியே ஏற்றத்தில் போட்டியாளர் ஆண்டி ஷ்லெக் நான்கு நிமிடத்துக்கும் மேல் முன்னே போய்விட்டார். பின்னால் வந்தவர்களில் யாரும் முன்னால் வந்து காற்றைக் கிழிக்கத் தயாரில்லை. எவன்ஸே முன்னே போய் இழுத்து, இடைவெளியைப் பாதியாக்கினார். இரண்டு நாள் கழித்து கிரெனோபிளில் டைம் டிரையல் (ஒவ்வொருவராகப் புறப்பட்டுக் கடிகாரத்தோடு மோதும் ஓட்டம்), 42.5 கிலோமீட்டர். ஷ்லெக்கைவிட 57 விநாடி பின்தங்கித் தொடங்கியவர், முடிவில் 1 நிமிடம் 34 விநாடி முன்னே நின்றார். டூரை வென்ற முதல் ஆஸ்திரேலியர் அவர்.

சரி, இதில் உங்களுக்கு என்ன?

பார்ப்பவராக இருந்தால், அடுத்த ஜூலையில் முதலில் வருகிறவரை மட்டும் பார்க்காதீர்கள். யார் காற்றைக் கிழிக்கிறார், யார் அவர் பின்னால் ஒளிகிறார் என்று கவனியுங்கள். மழை பெய்து இறக்கம் வந்தால் மலைச் சைக்கிள்காரரைத் தேடுங்கள். கையும் தோளும் தளர்வாக, உடம்பைச் சற்றுப் பின்தள்ளி இறங்குபவர் அநேகமாக அவர்தான்.

ஓட்டுபவராக இருந்தால், அவர்களிடம் எடுத்துக்கொள்ள வேண்டியவை உண்டு. பள்ளத்தையே முறைத்துப் பார்த்தால் சக்கரம் அதற்குள்ளேயே போகும்; போக வேண்டிய இடத்தைப் பாருங்கள். மணலிலும் ஈரத்திலும் முன் பிரேக்கை வெடுக்கென்று பிடிக்காதீர்கள். இறக்கத்தில் பெடல் இரண்டும் சமமட்டமாக இருக்கட்டும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டுவதானால் வாழைப்பழமோ கடலை மிட்டாயோ பையில் வேண்டும். பசி வருமுன் தின்ன வேண்டும், வந்தபின் தின்றால் காலுக்குப் போய்ச் சேர நேரமாகும். அடுத்தவர் சக்கரத்தை ஒட்டிப் போவது மட்டும் வேண்டாம். அது பழகியவர்களுக்கே ஆபத்து.

புதிதாகச் சைக்கிள் வாங்கப் போகிறீர்களா? கடையில் தடித்த டயரும் ஸ்பிரிங் வைத்த முன்போர்க்கும் கம்பீரமாகத்தான் தெரியும். ஓட்டப் போவது தார்ச்சாலை மட்டும் என்றால் அந்தக் கனத்தைத் தினமும் சுமப்பது நீங்கள்தான்.

வீட்டில் பந்தயக் கனவோடு ஒரு பிள்ளை இருந்தால், முதலில் மண்ணில் ஓட்ட விடுங்கள். பிடிமானம், பிரேக், சமநிலை மூன்றும் அங்கே சீக்கிரம் வரும். விழுந்தாலும் பின்னால் லாரி வராது. ஹெல்மெட் கட்டாயம். இரண்டு ஆண்டில் கோப்பை எங்கே என்று மட்டும் கேட்காதீர்கள். எவன்ஸ் டூர் டி பிரான்ஸில் முதன்முதலாகக் கால் வைத்தபோது வயது 28, வென்றபோது 34.