தாதியியல்: கடைசிப் பரீட்சையை முதலிலேயே விசாரியுங்கள்

அமெரிக்காவில் தாதியியல் படிக்கப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் கட்டணத்தைப் பற்றியே என்னிடம் விசாரிக்கிறார்கள். வெளியேறும் பரீட்சையைப் பற்றி எவரும் கேட்பதில்லை.

அங்கு தாதியாகப் பதிவு பெற என்கிளெக்ஸ் எனும் அனுமதிப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். 5 மணித்தியாலம், 85 முதல் 150 வரையான வினாக்கள். முதல் முறையிலேயே எத்தனை பேர் சித்தியடைகிறார்கள் என்பதை மாநிலத் தாதியர் சபைகள் கல்லூரி வாரியாகக் கவனிக்கின்றன. அதனால்தான் பல கல்லூரிகள் ஹெசி போன்ற பரீட்சையொன்றைக் கடைசித் தவணையில் வைக்கின்றன. ஹெசியில் பரவலாகக் கேட்கப்படுவது 850 புள்ளி. எல்லாப் பாடங்களிலும் சித்தியடைந்த பிள்ளை இதில் தவறினால், சில கல்லூரிகளில் பட்டம் தள்ளிப்போகும். மேலதிகச் செலவும் வரும்.

ஆகவே, சேர்வதற்கு முன்பே மாணவர் கைந்நூலைக் கேட்டு வாங்குங்கள். எத்தனை புள்ளி வேண்டும், எத்தனை தடவை எழுதலாம், தவறினால் என்ன நடக்கும் என்று வாசித்துப் பாருங்கள்.

இதற்கு மனனம் மட்டும் போதாது. நான்கு நோயாளிகளில் யாரை முதலில் பார்ப்பீர்கள் என்ற மாதிரி வினா வரும். வலியால் முனகுபவர் காத்திருக்கலாம். மூச்சுத் திணறுபவர் காத்திருக்க முடியாது. தினமும் சில பயிற்சி வினாக்களைச் செய்து, ஒவ்வொரு விடையும் ஏன் சரி, ஏன் பிழை என்று எழுதிப் பழக வேண்டும். அதைக் கடைசி மாதத்தில் அல்ல, கடைசி வருடத்தின் தொடக்கத்திலேயே ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.