குழித்தட்டு நாற்றைக் கெடுக்கும் பூஞ்சாண ஈ

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் கிணற்றுப் பாசனமுள்ள விவசாயிகள் மிளகாய், தக்காளி, கத்தரி நாற்றுகளை நிழல்வலைக் குடிலில் குழித்தட்டுகளில் வளர்த்து நடுவது உண்டு. வீரிய ஒட்டு விதையின் விலை அதிகம். நாற்று கெட்டுப்போனால் விதைச் செலவு மட்டுமல்ல, பருவமும் போய்விடும். மிளகாய் நாற்று மறுபடி தயாராக 35 நாட்கள் ஆகும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தட்டுகள் காயாமல் இருக்கும்போது, கொசுவைப் போன்ற சிறிய கறுப்பு ஈக்கள் நாற்றின் அடியில் ஓடித் திரியும். இவையே பூஞ்சாண ஈக்கள். ஈயால் நேரடிச் சேதம் இல்லை. அது ஈரமான தென்னை நார்க்கழிவில் இடும் முட்டைகளிலிருந்து வரும் புழுக்களே பூஞ்சாணத்தோடு இளம் வேர்களையும் தின்கின்றன. புழு கண்ணாடி போல் வெண்மையாகவும், தலை கறுப்பாகவும் இருக்கும். முட்டை ஈயாக மாற 3 முதல் 4 வாரங்கள் ஆகும். வேர்க் காயங்கள் வழியே நாற்றழுகல் நோயும் நுழையும்.

தாகம் என்று எண்ண வேண்டாம்

வேர் போன நாற்று வாடி நிற்கும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மேலும் தெளித்தால் புழு பெருகும். ஆகவே முதலில் தட்டை விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். ஈரம் இருந்தும் நாற்று வாடினால், உருளைக்கிழங்குத் துண்டின் வெட்டிய பக்கம் கீழே இருக்குமாறு தட்டின் மேல் வைக்கவும். இரண்டு, மூன்று நாளில் எடுத்துப் பார்த்தால் புழுக்கள் அடியில் கூடியிருக்கும்.

கட்டுப்படுத்தும் முறை

மேல்பகுதி காய்ந்த பின்னரே நீர் தெளிக்க வேண்டும். காய்ந்த பரப்பில் முட்டையும் இளம் புழுவும் பிழைப்பது அரிது. நாற்று துவளும் வரை காயவிடக் கூடாது. தட்டுகளைத் தரையில் வைக்காமல் மேடை மீது வைத்தால் நீர் வடியும். குடிலில் தேங்கிய நீர், பாசி, அழுகிய நாற்றுகளை அகற்ற வேண்டும்.

நன்கு மக்கிய நார்க்கழிவையே பயன்படுத்த வேண்டும். 300 கிலோ நார்க்கழிவுக்கு 5 கிலோ வேப்பம் புண்ணாக்கு கலப்பது பரிந்துரை. நாற்றழுகலைத் தடுக்க ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதைக்கலாம்.

மஞ்சள் வண்ணம் பூசிய தகரத்தில் விளக்கெண்ணெய் தடவித் தட்டுகளை ஒட்டித் தாழ்வாக வைத்தால் ஈக்கள் ஒட்டிக்கொள்ளும். ஈ எண்ணிக்கை கூடுகிறதா, குறைகிறதா என்பதும் இதில் தெரியும். இலைமேல் பூச்சிமருந்து அடிப்பதால் நார்க்கழிவுக்குள் இருக்கும் புழு சாகாது. காய்ப்புழுவுக்கான பி.டி. மருந்தும் இதற்குப் பயன்படாது; கொசுப்புழுவைக் கொல்லும் பி.டி. வகையே பூஞ்சாண ஈப் புழுவையும் கொல்லும்.

சந்தேகம் இருந்தால் பெரம்பலூர் விவசாயிகள் வாலிகண்டபுரத்திலும், அரியலூர் விவசாயிகள் சோழமாதேவியிலும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களுக்கு, பாதிக்கப்பட்ட நாற்றை வேரோடு எடுத்துச் சென்று காட்டி ஆலோசனை பெறலாம்.