தஃப்தர் சொல்லும் வரலாறு

சென்ற ஆண்டு ஒரு நாள், அஸர் தொழுகை முடிந்த நேரத்தில், ஓர் இளைஞர் எங்கள் மதரஸாத் திண்ணையில் வந்து அமர்ந்தார். முஸ்லிமல்லாத சகோதரர். முனைவர் பட்டம் பெற்ற பின்னும் ஆராய்ச்சியைத் தொடர்பவர். "ஹஜ்ரத், தாமிரபரணிக் கரையில் மக்கள் எப்படிப் பெருகினார்கள், எப்போது குறைந்தார்கள், யார் ஊரை விட்டுப் போனார்கள், செல்வமும் வறுமையும் தலைமுறை தலைமுறையாக எவரிடம் தங்கின என்று ஆராய்கிறேன். உங்கள் ஜமாஅத்தின் பழைய நிகாஹ் தஃப்தர்களைப் பார்க்க முடியுமா?" என்று கேட்டார்.

மன்னர்களின் பட்டியலையும் போர்களின் ஆண்டுகளையும் மனனம் செய்து வரலாற்றில் பட்டம் வாங்கிய எனக்கு இது விந்தையாக இருந்தது. கல்யாணப் புத்தகத்தில் என்ன வரலாறு இருக்கப் போகிறது? ஆனால் அவரோடு மக்ரிப் வரை பேசியிருந்ததில் என் எண்ணம் மாறிவிட்டது. அன்று கேட்டவற்றையும், அதன் பின் நானே தேடிப் படித்தவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

ஏற்றத்தாழ்வின் வரலாற்றை அறிய விரும்புவோர் முதலில் கல்லறைகளைத்தான் நாடுவார்களாம். நம் ஆற்றங்கரையிலேயே அதற்குச் சான்று உண்டு. ஆதிச்சநல்லூரில் 1876-இல் ஜெர்மானியரான யாகோரும், 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீயும் தோண்டியபோது முதுமக்கள் தாழிகள் ஏராளமாகக் கிடைத்தன. சிலவற்றில் பொன்னாலான நெற்றிப் பட்டமும் வெண்கலக் கலங்களும் இருந்தன. வேறு பலவற்றில் எலும்பும் மண்பாண்டமும் மட்டுமே. இறந்த பின்னும் ஒருவர் செல்வர், ஒருவர் எளியவர் என்பதைத் தாழி காட்டிக் கொடுத்துவிடுகிறது.

நம்முடைய மையவாடியில் அப்படி எதுவும் கிடைக்காது. கோடீசுவரனுக்கும் கூலிக்காரனுக்கும் அதே வெள்ளைக் கஃபன், அதே மண். இதை நான் சற்றுப் பெருமையோடுதான் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "அதனால்தான் ஹஜ்ரத், உங்கள் மக்களின் ஏற்றத்தாழ்வை அறியக் கல்யாணப் புத்தகத்தைக் கேட்கிறேன்" என்றார்.

திருநெல்வேலியை வைத்து இத்தகைய ஆராய்ச்சி செய்தவர்களில் குறிப்பிடத்தக்கவர் அமெரிக்க வரலாற்றாசிரியர் டேவிட் லட்டன். தென்னிந்திய உழவர்களின் வரலாறு பற்றிய அவருடைய நூல் 1985-இல் வெளிவந்தது. கல்வெட்டுகளையும் ஆங்கிலேயர் காலத்து வருவாய்க் கணக்குகளையும் துணையாகக் கொண்டு, இச்சீமையை நன்செய் வட்டாரம், புன்செய் வட்டாரம், இரண்டும் கலந்த குளத்துப் பாசன வட்டாரம் என்று அவர் பிரித்துப் பார்த்தார். சாதி, சொத்து, அதிகாரம் மூன்றும் தண்ணீரின் வழியே எவ்வாறு அமைந்தன என்பது அதில் புலப்படுகிறது.

பொதிகையில் பிறக்கும் தாமிரபரணிக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஆகவே கார், பிசானம் என இரு போகம் விளைகிறது. கோடைமேலழகியான் தொடங்கி ஆங்கிலேயர் கட்டிய ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் அந்நீரை வாய்க்கால்களில் பிரித்தனுப்புகின்றன. இவ்வளவு வளமான நன்செய்யில் எல்லோரும் வளமாக வாழ்ந்திருக்க வேண்டும் அல்லவா? நடந்ததோ நேர்மாறு. நிலம் ஒரு சிலரின் மிராசாக இருந்தது. சேற்றில் இறங்கி நட்டு அறுத்தவர்கள், இன்று தேவேந்திரகுல வேளாளர் என்று சட்டத்தில் பெயர் பெற்றிருக்கும் மக்கள், ஒரு காணி நிலமும் இன்றி நிலத்தோடு பிணைக்கப்பட்டுக் கிடந்தார்கள். அடிமைத்தனத்துக்குச் சட்டத்தின் துணை இல்லை என்று அரசு அறிவித்ததே 1843-இல்தான். மழையை நம்பிய புன்செய் ஊர்களில் எல்லோரும் ஏழைகள். ஆனால் ஏழைக்கும் சொந்தமாக ஒரு துண்டுக் கரிசலோ செம்மண்ணோ இருந்தது. கல்வெட்டுகளில் கொடையளித்தவரின் பெயர் இருக்கிறது. நாற்று நட்டவரின் பெயரை அங்கே தேடிப் பயனில்லை.

எண்ணிக்கைகளும் ஒரு கதை சொல்கின்றன. 1871-ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் திருநெல்வேலி ஜில்லாவின் மக்கள் ஏறத்தாழ 17 லட்சம். 1881-இல் எண்ணியபோதும் ஏறத்தாழ அதே 17 லட்சம்தான். பத்தாண்டுகளில் பிறந்த குழந்தைகள் எல்லாம் எங்கே போயினர்? இடையில் 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் வந்துபோயிற்று. ஆற்று நீர் பாய்ந்த ஊர்கள் ஓரளவு தாங்கின. புன்செய்க்காரர்களும், அவர்களுக்குத் துணி விற்றுப் பிழைத்த நெசவாளிகளும்தான் வீழ்ந்தார்கள். கஞ்சிக்கே வழியில்லாதவன் கைலி வாங்குவானா? செத்தவர் போக, இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்களும் பலர். இதன் பின் 1901-இல் தொகை 20 லட்சத்தைக் கடந்துவிட்டது.

நம்மவர்களில் நெசவை நம்பியிருந்த ஊர்கள் மேலப்பாளையமும் கடையநல்லூரும். தறி ஓய்ந்தபோது மேலப்பாளையத்துப் பெண்களின் மடியில் பீடிச் சுளவு ஏறியது. இன்னும் முழுவதும் இறங்கவில்லை. கடையநல்லூர்க்காரர்கள் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். பிற ஊர்களில் பெரும்பாலும் ஆண்கள் மட்டும் போக, இவர்கள் மனைவி மக்களையும் அழைத்துக்கொண்டு போனது கவனிக்கத்தக்கது. சிங்கப்பூரில் 1946-இல் உமறுப்புலவர் பெயரால் ஒரு தமிழ்ப் பள்ளியையே நிறுவி, 1982 வரை நடத்தினார்கள். ஊரில் தறிக்குழியில் கால் வைத்திருந்தவர்களின் பேரப்பிள்ளைகள்!

கடலோரத்துக் காயல்பட்டினத்தின் கதை வேறு. அங்கே பெண்ணுக்கு வீடு கொடுப்பது வழக்கம். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து வாழ்கிறார். வணிகத்தில் வந்த பணம் மகள்மாரின் வீடுகளாக ஊரிலேயே நின்றது. வீடு கட்ட முடியாத தகப்பனின் கவலையும் அதே ஊரில்தான் இருந்தது.

இனி எங்கள் தஃப்தருக்கு வருகிறேன். முத்தவல்லியிடம் அனுமதி பெற்றுப் பெட்டகத்தைத் திறந்தோம். மூன்று புத்தகங்களில் ஒன்றைக் கரையான் முக்கால் பங்கு தின்றிருந்தது. மழை ஒழுகும் அறையில் அதை வைத்தது யார் என்று ஆராய்வதில் பயனில்லை. நானும் இருபது ஆண்டுகளாக அந்த அறையைக் கடந்து போனவன்தான்.

மிஞ்சிய இரண்டையும் அந்த இளைஞர் விரலால் தொடக்கூட அஞ்சியவராகப் புரட்டினார். மாப்பிள்ளையின் ஊர், தொழில், தகப்பனார் பெயர், வக்கீல், சாட்சிகள், மஹர். சில ஆண்டுகளில் 'கொழும்பு', 'ரங்கூன்' என்ற குறிப்புகள் பெருகுகின்றன. பிறகு நின்று போகின்றன. ஒரே மாதத்தில் ஒரே தெருவில் நடந்த இரு நிகாஹ்களில் ஒன்றின் மஹர் மற்றதைப் போல் பல மடங்கு. சாட்சிகளாகக் கையெழுத்திட்டவர்கள் பெரும்பாலும் நான்கைந்து குடும்பத்தார். கைநாட்டு வைத்தவர்கள் யார் வீட்டார் என்பதும் எனக்குத் தெரியும். அவர்களின் பேரர்கள் என்னிடம் ஓதுகிறார்கள்.

"மஹர் மாப்பிள்ளை கொடுத்தது. பெண் வீட்டார் கொடுத்தது எந்தப் பக்கத்தில் இருக்கிறது?" என்று கேட்டார்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. கைக்கூலி வாங்கியதை எந்த ஜமாஅத் தஃப்தரில் எழுதியிருக்கிறது? நூற்றியொரு ரூபாய் மஹர் என்று எழுதிவிட்டு, அதே சபையின் பின்கட்டில் தோப்பையும் நகையையும் எண்ணி வாங்கியவர்கள் நம்மிலே இல்லையா? நாளை ஒருவர் இப்புத்தகங்களைக் கொண்டு நம் வரலாற்றை எழுதினால், பெண்ணுக்குக் கொடுத்த சமுதாயம் என்றே எழுதுவார். பெண்ணைப் பெற்றவன் வயலை விற்றதைச் சார்பதிவாளர் அலுவலகத்துப் பத்திரத்தில்தான் தேடவேண்டும். அதிலும் காரணம் எழுதியிருக்காது. கைக்கூலிக்கு வழியின்றி முதிர்ந்துபோன குமர்களின் பெயரோ எந்தப் புத்தகத்திலும் இல்லை. நிகாஹ் நடந்தால்தானே தஃப்தரில் இடம்?

திருமணப் பதிவு எல்லா மதத்தாருக்கும் கட்டாயம் என 2009-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. அடுத்த குடிமதிப்பு 2027 மார்ச் முதல் நாளை அடிப்படையாகக் கொண்டு, சாதிவாரியாகவும் எடுக்கப்படும் என்று 2025-இல் அரசு அறிவித்திருக்கிறது. அரசின் ஏடுகள் அரசின் பொறுப்பு. பெட்டகத்தின் சாவி நம் முத்தவல்லிமார்களிடம் இருக்கிறது.

அந்த இளைஞர் தம் குறிப்புகளோடு போய்விட்டார். இப்போது வியாழன்தோறும் லுஹருக்குப் பின், கையெழுத்துத் தெளிவாக உள்ள இரு மாணவர்கள் பழைய தஃப்தரைப் புதிய நோட்டில் படியெடுக்கிறார்கள். கரையான் தின்ற இடங்களில் புள்ளி வைக்கச் சொல்லியிருக்கிறேன். புதிய தஃப்தர் அச்சிடும்போது, பெண் வீட்டாரிடம் பெற்றது என்று ஒரு கட்டம் சேர்க்கலாமே என்று ஜமாஅத் கூட்டத்தில் கேட்டேன். யாரும் மறுத்துப் பேசவில்லை. அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்றார்கள்.